பென்சில் மைக்கும் சிலாபத்துக்காரியும்

ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, வட்ஸ்அப் குழுவில் நீங்கள் ஆள் மாற்றி ஆள் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "பூமணி அக்கா, கையில கொஞ்சக் காசுதான் இருக்கு, எந்தப் பென்சில் மைக் வாங்கலாம்?" பதில் எழுத உட்காரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் கையில் இருக்கும் கொஞ்சக் காசுக்கு இன்று கிடைக்கும் மைக், எனக்கு அன்று கனவில்கூடக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றவள் என்றால் மனம் நிறைந்து வாழ்த்த வேண்டும் என்பார்கள். நான் பாதி மனதோடு வாழ்த்துகிறேன். மற்றப் பாதி இன்னும் உங்கள் பைகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

விரல் தடிப்பில் நீளமாக இருக்கும் கண்டென்சர் மைக்கைத்தான் நாங்கள் பென்சில் மைக் என்கிறோம். உள்ளே இருக்கும் தகடு சின்னது. அதனால் உடுக்கின் முதல் அடியையும், கும்மியில் கைகள் சேரும் ஒலியையும், தலவிலக் கோவிலில் பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் மூச்சு இழுப்பதையும் சட்டென்று பிடித்துவிடும். இரண்டை ஜோடியாக வைத்துப் பதிந்தால், கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னார் இடப்பக்கம் நின்றார், இன்னார் வலப்பக்கம் நின்றார் என்று கை காட்டலாம். விலை கூடியதும் இதைத்தான் செய்யும், குறைந்ததும் இதைத்தான் செய்யும். எங்கே வித்தியாசம் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவர் அதை எங்கள் உடப்புக் கடற்கரையில் வைத்துப் பார்த்ததில்லை.

நான் மலிவு மைக்கைத் தேர்ந்தெடுத்தது அலுமாரிக்குள்தான். கொழும்பில் ஒரு கடையில், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு வாங்கி வந்து, சேலை அடுக்குக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினேன். வயரை வெளியே இழுத்து, காதுக்கூட்டை, அதுதான் ஹெட்போனை, போட்டுக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தேன். உலகத்தில் ஒரு சத்தமும் இல்லாத அந்த இருட்டுக்குள்ளும் மைக் தன்பாட்டில் இரையும். எது குறைவாக இரைகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை வெளியே எடுத்து, சுற்றி நடந்தபடி கதையுங்கள். பக்கவாட்டில் போகும்போது உங்கள் குரல் வாளிக்குள் இருந்து வருவதுபோல் கேட்டால் திருப்பிக் கொடுங்கள். திறப்புக் கோர்வையை, சாவிக்கொத்தை, குலுக்கியும் பாருங்கள், அந்தச் சில்லென்ற ஒலி கீறாமல் வரவேண்டும். கடையில் பளபளவென்று கேட்கிற மைக்கைக் கண்டு மயங்கவேண்டாம். அந்தப் பளபளப்பு வீட்டுக்கு வந்ததும் காதைக் குத்தும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து நான் ஒரு ஜோடி வாங்கினேன். அதில் ஒன்றைக் கொன்றவர் என் கணவர்.

அவர் பெயர் முத்தையா. கரைவலை இழுப்பவர். கரைவலையைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி சொல்கிறேன். வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு கயிறுகளும் கரையில் வெகுதூரம் தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொரு கயிற்றையும் ஒரு கூட்டம் இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும், கடைசியில் மீன் நிறைந்த வலையின் மடி கரைக்கு வரும்போது எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். இழுவை பிசகாமல் இருக்க ஒருவர் பாட்டுப் போடுவார், மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பி எடுத்துக்கொடுப்பார்கள். அம்பாப் பாட்டு என்று சொல்வோம். எங்கள் சம்மாட்டியின், அதாவது வலை முதலாளியின், வலையில் பாட்டுப் போடுகிறவர் இவர். வரியை அந்த இடத்திலேயே கட்டுவார். சம்மாட்டியின் வயிறு, காகம் தூக்கிப்போன மீன், கூடையோடு காத்து நிற்கும் பெண்கள், எது கண்ணில் பட்டாலும் அது பாட்டுக்குள் போய்விடும்.

கடலில் தொழில் இல்லாத மாதங்களில் இவர் உப்பளத்துக்கு வேலைக்குப் போவார். ஒரு மழைக்காலத்தில் என் மைக் இரண்டும் பொரிவதுபோல் சத்தம் போட்டன. எங்கள் கரையில் ஈரம் கூடினால் கண்டென்சர் அப்படித்தான் செய்யும். நான் கவலைப்படுவதைப் பார்த்துவிட்டு, எனக்குச் சொல்லாமல், இந்த மனுசன் ஒரு மைக்கை எடுத்து ஊறுகாய்ப் போத்தலுக்குள் போட்டு, அது மூடும்வரை காய்ந்த உப்பைக் கொட்டி இறுக்கி வைத்திருந்தார். உப்பு தண்ணீரை இழுக்கும் என்பது உப்பளத்தில் கால் வைத்த எவருக்கும் தெரியும் அல்லவா. நான் போத்தலைக் கண்டுபிடித்தபோது மைக்கின் வலைமுகம் பச்சையாகப் பூத்திருந்தது. நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார். நல்லதுக்குச் செய்த காரியம் என்பதால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை. நீங்கள் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து, மூடியுள்ள டப்பாவில் மைக்கோடு வையுங்கள். வீட்டில் உப்பளத்துக்காரர் இருந்தால் டப்பாவுக்குப் பூட்டும் போடுங்கள்.

செத்த மைக்குக்குப் பதிலாக அதே கடையில் அதே சாதியில் இன்னொன்று வாங்கினேன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் ஒரு குணம் இல்லை. பழையது மந்தம், புதியது கீச்சு. ஜோடி வாங்கினால் ஒரே நாளில் வாங்கி, இரண்டையும் ஒரே இடத்தில் மாறிமாறி வைத்து ஒரே குரலைக் கேட்டுப் பார்த்து எடுங்கள் என்று நான் குழுவில் சொல்வது இதனால்தான்.

இந்தப் பொருந்தாத ஜோடியோடு நான் உடப்பிலிருந்து கற்பிட்டி வரை கலியாணம், கோவில், பள்ளிக்கூடம் என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் இதே தொழிலோடு சிலாபத்துக்காரி வந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். அவளிடம் நான் படித்தது அதிகம், அதை அவள் பெயரோடு எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. என்னைவிட வயது குறைந்தவள். தமிழும் சிங்களமும் ஒரே வாயால் தடங்கல் இல்லாமல் கதைப்பாள். அவள் கையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே பச்சை மெத்தையில் இரண்டு பென்சில் மைக், தொழிற்சாலையிலேயே அளந்து பொருத்திய ஜோடி. அவளுடைய மாமா வெளிநாட்டில் இருந்து அனுப்பியது. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. எங்கள் அலுமாரிக்குள் வைத்தால் சேலை இரைவதுதான் கேட்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் வந்த காரணம் இது. கொழும்பிலிருந்து ஒரு வானொலித் தயாரிப்பாளர் கடற்கரைத் தொழில் பாட்டுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். ஊருக்கு ஒரு பாட்டு. உடப்புக்கு முத்தையாவின் குரல் என்று முடிவாகியிருந்தது. பதிவைத் தரும்படி என்னிடமும் கேட்டார், சிலாபத்துக்காரியிடமும் கேட்டார். எது நன்றாக இருக்கிறதோ அது போகும். முத்தையா என்றால் இதுதான் என்று இந்த நாடு கேட்கப்போவது ஒரே ஒரு பதிவை. அந்தக் குரலோடு ஒரு கூரைக்குக் கீழே குடும்பம் நடத்துகிறவள் நான். அதை மற்றவளின் மைக்கில் ஊர் கேட்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் என் வழக்கப்படி எடுத்தேன். மலிவு மைக் இரையும், அந்த இரைச்சல் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் வாய்க்குக் கிட்ட வைக்கவேண்டும். இது நான் அலுமாரியில் படித்த பாடம். ஆகவே இவர் கயிறோடு பின்னால் நடக்க நடக்க, நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் கூடவே நடந்தேன். வானொலிக்குப் போகிற பாட்டு, கண்ட கண்ட கேலி, பகிடி வரிகள் வேண்டாம், பழைய வரிகளை ஒழுங்காகப் படியுங்கள் என்று முதலே சொல்லியும் வைத்திருந்தேன். ஒழுங்காகப் படித்தார். ஒரு பிழை இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் தேவாரப் போட்டிக்குப் போன பிள்ளை படித்ததுபோல் இருந்தது.

சிலாபத்துக்காரி தன் மைக் இரண்டையும் வெகுதூரம் தள்ளி, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நட்டுவைத்துவிட்டு, தான் ஒரு தென்னங்குற்றியில் உட்கார்ந்து காதுக்கூட்டைப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்த வேலை. பிறகு என் வீட்டுக்கே வந்து, கதிரையில் உட்கார்ந்து, அக்கா ஒருக்காக் கேளுங்கோ என்று எனக்குக் கேட்கக் கொடுத்தாள். இடப்பக்கம் ஒரு கூட்டம் மணலில் கால் ஊன்றுவது கேட்டது. வலப்பக்கத்துக் கூட்டம் எடுத்துக்கொடுத்தது. கயிறு முறுகியது. எல்லாவற்றுக்கும் மேலே இவர் குரல், நான் வருசக்கணக்காகப் பதிந்தும் பிடிபடாத குரல், அவிழ்த்துவிட்ட மாதிரி வந்தது. அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். இந்த மனுசன் அவளைப் பாட்டுக்குள் போட்டிருந்தார்.

"சிலாபத்துப் பெட்டிக்காரி, பெட்டிக்குள்ள என்ன இருக்கு,
எங்க பாட்டையெல்லாம் அள்ளிப் போனா எங்களுக்கு என்ன இருக்கு."

கூட்டம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இழுப்பது கேட்டது. காகத்துக்கு வரி உண்டு, சம்மாட்டியின் வயிற்றுக்கு வரி உண்டு, வந்து கொஞ்ச நாள் ஆன பெட்டிக்காரிக்கும் வரி உண்டு. இத்தனை வருசத்தில் எனக்கு ஒரு வரி இல்லை. நான் காதுக்கூட்டைக் கழற்றி, நல்லாயிருக்கு தங்கச்சி என்றேன். என் வாயில் இருந்து வந்த பொய்களில் அது ஒன்று அல்ல, அதனால்தான் அவ்வளவு எரிந்தது.

அன்று மீன்குழம்பில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றுதான் போடவில்லை. இவர் சாப்பிட்டு எழும்பினார். கை கழுவும்போது நான் கேட்டேவிட்டேன், எனக்கு ஏன் ஒரு வரியும் இல்லை என்று.

"நீ கிட்ட நிண்டா எனக்குப் பாட்டு வாறதில்ல பூமணி. பரீட்சை எழுதுற மாதிரிக் கிடக்கு."

சிலாபத்துக்காரியும் அதையே வேறு விதமாகச் சொன்னாள். தொழில் தெரிந்தவள், மறைத்து வைக்கத் தெரியாதவள். "அக்கா, கடல் இவ்வளவு இரையுற இடத்தில உங்கட மைக் இரையிறது ஆருக்குக் கேக்கப் போகுது? தள்ளி வச்சுப் பாருங்கோ." இந்த ஒரு கேள்வியை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். பதியப் போகும் இடம் எவ்வளவு சத்தமானது என்பதைக் கேட்காமல் மைக்கின் இரைச்சலைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. அமைதியான அறைக்கு வாங்குகிறவர் இரைச்சலை முதலில் பாருங்கள். கடற்கரைக்கும் திருவிழாவுக்கும் வாங்குகிறவர், இரண்டும் ஒரேமாதிரிக் கேட்கிறதா, காற்றையும் ஈரத்தையும் தாங்குமா என்று பாருங்கள். அவள் சொன்னது அத்தனையும் சரி. அன்று எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. என் பதிவைக் கெடுக்க வழி சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பொறாமைக்காரியின் காதில் நல்ல புத்தியும் சூழ்ச்சியாகத்தான் விழும்.

தயாரிப்பாளர் இரண்டு பதிவையும் கேட்டார். அவளுடையதுதான் மேல், ஆனால் அவளைப் பற்றிய வரி வரும் இடம் நிகழ்ச்சிக்குப் பொருந்தாது, இன்னொரு இழுவையை இரண்டுபேரும் எடுத்து அனுப்புங்கள், அதோடு முடிவு என்றார். எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

அந்தக் காலையில் கடல் குணம் சரியில்லை. ஆனாலும் சம்மாட்டி வலையைப் போடச் சொல்லிவிட்டார், அன்று எங்கள் முறை, விட்டால் அடுத்த வலைக்காரருக்குப் போய்விடும். நான் கருவாடு காயப்போடும் பந்தலடியில், மேட்டில், தாங்கியை நட்டு என் இரண்டு மைக்கையும் பூட்டினேன். மகளின் பழைய கரடிப் பொம்மையின் தோலை வெட்டித் தைத்த காற்றுறையைப் போட்டேன். தூரத்தில் வைத்துப் பதிய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. கூட்டங்கள் கொஞ்சம் கிட்ட வந்ததும் தூக்கிக்கொண்டு இவருடைய வாயடிக்குப் போவதாகத்தான் திட்டம். அதுவரைக்கும் ஓடட்டும் என்று பதிவுப்பெட்டியின் பொத்தானை அமத்திவிட்டு நின்றேன். சிலாபத்துக்காரி அவளுடைய வழக்கப்படி நடுவில், ஆனால் நான் வைத்ததைவிடத் தண்ணீருக்குக் கிட்ட, தன் மைக்கை நட்டிருந்தாள்.

இழுவை பாதியில் இருக்கும்போது நீரோட்டம் வலையைத் தெற்கே தள்ளத் தொடங்கியது. தெற்கே பாறை இருக்கிறது. வலை பாறையில் மாட்டினால் கிழியும், கிழிந்தால் அந்தப் பருவத்துக்குச் சம்மாட்டிக்கும் தொழில் இல்லை, இழுக்கிற குடும்பங்களுக்கும் இல்லை. தெற்குக் கயிற்றில் ஆள் குறைவு. இவர் அந்தக் கயிற்றில்தான் நின்றார். கயிறு கையை மீறி வழுக்குவது தெரிந்ததும் ஆளாளுக்குக் கத்தினார்கள். கத்தினால் பாட்டு நிற்கும். எனக்கு முதலில் கேட்டது அதுதான். என் காதுக்கூட்டுக்குள் வடக்குக் கூட்டம் ஒரு தாளத்தில் இழுக்கிறது, தெற்கில் தாளமே இல்லை. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விடுகிறார். கரையில் நின்ற மற்றவர்கள் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பார்க்காமலே தெரிந்துகொண்டேன், இந்தக் கூட்டம் இன்னும் கொஞ்ச நேரத்தில் கயிற்றை விட்டுவிடும் என்று.

அந்த நேரம் ஒரு பெரிய அலை மேட்டின் அடிவரைக்கும் ஏறி வந்தது. சிலாபத்துக்காரி பாய்ந்து தன் மைக் இரண்டையும் தாங்கியோடு தூக்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டு தென்னைப் பக்கம் ஓடினாள். அதைக் குறையாக எடுக்காதீர்கள். அந்தப் பெட்டி என்னுடையதாக இருந்தால் நான் அவளைவிட வேகமாக ஓடியிருப்பேன். என்னிடம் இருந்ததோ விட்டுவிட்டு ஓடக்கூடிய மைக். காதுக்கூட்டைக் கழற்றி மணலில் போட்டேன், சேலையை இழுத்துச் செருகினேன், தெற்குக் கயிற்றின் வால்பக்கம் போய்ப் பிடித்தேன்.

எங்கள் கரையில் பெண்கள் கயிறு பிடிப்பதில்லை. கூடையோடு நிற்பார்கள், மீன் வந்தபிறகு வருவார்கள். நான் பிடித்ததும் எனக்குப் பின்னால் அவர்களும் கூடையைப் போட்டுவிட்டு வந்தார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை, ஒருவரும் தடுக்கவும் இல்லை. இவர் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்க வியர்வையும் பயமுமாக இருந்தவர், என்னைக் கண்டதும் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். பிறகு பாட்டைப் போட்டார்.

"காதில கூடு போட்டவளே பூமணி,
கயிறைப் பிடிச்சா குறைஞ்சா போவே நீ."

நான் பாட்டுக்காரி இல்லை. என் வேலை மற்றவர்கள் பாடுவதைப் பிடிப்பது. ஆனால் இத்தனை வருசம் எனக்கு வராத வரி, கை தோல் உரிந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து வந்திருக்கிறது, சும்மா வாங்கிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"கயிறைப் பிடிக்க நான் வந்தா மைக்கை ஆரு பிடிக்கிறது,
பாட்டை விட்டு நிக்கிற உன்னை ஆரு வந்து பிடிக்கிறது."

கூட்டம் சிரித்தது. சிரித்த மூச்சிலேயே எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, குழம்பில் உப்பில்லாத கதை வந்தது, ஊறுகாய்ப் போத்தல் வந்தது, எங்கள் வீட்டுக்குள் கிடந்த சண்டையெல்லாம் கயிற்றோடு வெளியே வந்தது. வடக்குக் கூட்டமும் கேட்டு எடுத்துக்கொடுத்தது. வலை மெல்ல மெல்லப் பாறையை விட்டு விலகியது. மடி கரைக்கு வந்தபோது அதில் பெரிய மீன் ஒன்றும் இல்லை, சாளையும் குப்பையும்தான். வலை கிழியவில்லை, அது போதும் என்று சம்மாட்டி மணலில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் கயிறு பிடித்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

மைக்கின் ஞாபகம் எனக்கு அதன்பிறகுதான் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பந்தலடியில் என் தாங்கி நட்டபடியே நிற்கிறது, பதிவுப்பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்னேரம் சிலாபத்துக்காரி வீட்டுக்கு வந்தாள், தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, உங்களுக்கு ஏதாவது விழுந்ததா என்று கேட்டாள். எனக்கும் அதுவரைக்கும் தெரியாது. ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு என்று பங்கிட்டு, மாற்றி மாற்றிக் கேட்டோம்.

அலுமாரிக்குள் அவ்வளவு இரைந்த மைக், கடலுக்கு முன்னால் வாயே திறக்கவில்லை. மந்தமான மைக் தற்செயலாக அலைப் பக்கம் பார்த்து நின்றதால் அலை காதை அறையாமல் தணிந்து கிடந்தது. கீச்சு மைக் ஆட்கள் பக்கம் நின்றதால் சொல்லெல்லாம் துலக்கமாக வந்தது. இது அதிர்ஷ்டம், இதை நம்பிப் பொருந்தாத ஜோடி வாங்கிவிடாதீர்கள். பாட்டு நிற்பது கேட்டது, கத்தல் கேட்டது, என் கால் மணலில் ஓடுவது கேட்டது. பிறகு அவர் குரல். அதற்குப் பதில் ஒரு பெண் குரல், சுருதி இல்லை, கோபம் இருந்தது. அந்தக் குரல் வந்ததும் அவருடைய குரல் இன்னும் கொஞ்சம் மேலே போவது தெளிவாகத் தெரிந்தது.

சிலாபத்துக்காரி காதில் இருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எரியுது அக்கா. நான் எத்தின நாள் நிண்டு எடுத்தன். பெட்டிக்காரியெண்டு படிச்சது பகிடி. இது வேற."

அவளுக்கு எரிகிறது என்று அவள் வாயாலேயே கேட்டபோது எனக்கு வந்த குளிர்ச்சியை மறைக்க மாட்டேன். எழும்பிப் போய் அவளுக்குத் தேத்தண்ணி போட்டேன். அவள் என் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் சந்தோசமாகப் போட்ட முதல் தேத்தண்ணி அதுதான். சீனியும் கூடப் போட்டேன்.

தயாரிப்பாளர், இது கயிறு பிடித்தவளின் வரி, இது பொருந்தும் என்று என் பதிவைத்தான் எடுத்தார். வானொலியில் வந்தபோது ஊரே கேட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன், வெற்றியை எழுதிக் காட்டும் ஆள் நானில்லை. சில மாதம் கழித்து அவர் மறுபடி பேசினார். அதேபோல் இன்னும் சில வேண்டும், அந்தப் பதில் சொல்லும் அம்மாவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்.

நான் காதுக்கூட்டைப் போட்டுக்கொண்டு மைக்கடியில் நின்றேன். தள்ளித்தான் நின்றேன், பாடம் படித்துவிட்டேன் அல்லவா. இவர் படித்தார், பரவாயில்லை, ஆனால் அன்றைய ஏற்றம் இல்லை. மைக்கை நட்டுவிட்டு நான் கயிற்றுக்குப் போனேன். அவர் குரல் மேலே போனது, நான் பதில் சொன்னேன், கூட்டம் சிரித்தது. திரும்பி வந்து பார்த்தால் காற்றில் தாங்கி சாய்ந்து மணலோடு கிடந்தது, பதிவில் நண்டு ஓடுவதுதான் இருந்தது. முதல் நாள் நடந்தது ஒரு தடவைதான் நடக்கும். ஆள் இல்லாத மைக்கை இரண்டாம் தடவை நம்பக்கூடாது. நான் கோபத்தில் பாடிய வரி என் முன்னாலேயே வந்து நின்றது. நான் கயிற்றைப் பிடித்தால் மைக்கை யார் பிடிப்பது?

எனக்குத் தெரிந்து அதற்கு ஒரு ஆள்தான் இருந்தாள். போனை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் அடித்தேன். அவள் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள், மரப்பெட்டியோடு. பெட்டியைத் திறக்க நான் விடவில்லை, என் மைக்கில்தான் எடுக்கவேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டு ஓம் என்றாள். கரடித்தோல் உறையை அவளே தடவிப் பார்த்துப் பூட்டினாள். அவள் கையில் என் மலிவு மைக் இன்னும் நன்றாகக் கேட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொழிலை விட்டபிறகும் வருசத்தில் சில நாள் இது நடக்கிறது. இவர் பாட்டுப் போடுவார், நான் மற்றக் கயிற்றின் வாலைப் பிடித்துப் பதில் சொல்வேன், அவள் பந்தலடியில் காதுக்கூட்டோடு நிற்பாள். எனக்குக் கேட்பது அலையும், முன்னால் நிற்பவரின் மூச்சும், என் தொண்டையும்தான். அவளுக்குத்தான் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, நடக்க நடக்க, நாங்கள் இரண்டுபேரும் கேட்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். அவளுடைய மரப்பெட்டியை நான் மன்னித்துவிட்டேன். பெட்டிக்காரி என்ற வரியையும் மன்னித்துவிட்டேன். அவள் அந்த இடத்தில் நிற்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே, மைக்கின் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். ஒரே நாளில் பிறந்த இரண்டாகப் பார்த்து வாங்குங்கள், உப்பில் போடாதீர்கள், எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள், நீங்கள் கயிறு பிடிக்க ஓடும்போது அதன் பக்கத்தில் நிற்க யார் இருக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அலுமாரி சொல்லும்.

ஒவ்வொரு தடவையும் மடி கரைக்கு வந்தபிறகு, மணல் ஒட்டிய கையோடு நான் பந்தலடிக்குப் போய் அங்கே நின்று கேட்க எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்கிறேன். அவள் வயரைச் சுற்றிக்கொண்டே, எல்லாம் பதிவில இருக்கு அக்கா, வீட்ட போய்க் கேளுங்கோ என்கிறாள். பதிவில் இருப்பது எனக்கும் தெரியும். நான் கேட்டது அதை அல்ல.